விடுபட்ட எண்

கணித மேதை சீனிவாச இராமானுஜனுடைய பெயரைக் கேட்டதும் கற்றோர் நினைவில் முதலில் எழுவது 1729 என்னும் எண்ணேயாகும். நோயுற்றுக் கிடந்தவரைப் பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் இலக்கத்தில் சிறப்பொன்றும் இல்லை என்று கூறினார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வகையில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று படுக்கையில் இருந்தவாறே இராமானுஜன் விடையிறுத்தார். இக்கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஒன்றின் கனத்தோடு பன்னிரண்டின் கனத்தைக் கூட்டினும், ஒன்பதின் கனத்தோடு பத்தின் கனத்தைக் கூட்டினும் 1729 வருதல் காண்க.

நான் இன்று கூறப் புகுவது அவ்வளவு புகழ்பெறாத வேறோர் எண்ணைப் பற்றி. அது 293,318,625,600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு என்று அதனை வாய்விட்டுச் சொல்லுதற்கே மூச்சு வேண்டும். இது இராமானுஜன் கண்டு சொன்ன எண் அன்று. தம் பட்டியலில் அவர் எழுதாது விட்டுப்போன எண். விடுபட்ட ஓர் எண்ணைக் கொண்டு ஒரு மேதையின் வாழ்க்கையைச் சொல்வது முறையோ என்று வாசகர் ஐயுறலாம். எனக்கு அதற்கொரு காரணம் உண்டு. அக்காரணம் எங்கள் ஊராகிய அளவெட்டியில் தொடங்குகிறது.

அளவெட்டி தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என்.கே.பத்மநாதனும் எங்கள் ஊரின் பெயரைக் கடல்கடந்தும் ஒலிக்கச் செய்தவர்கள். கும்பிழாவளைப் பிள்ளையார் கோவில் வீதி மணலில் இருந்து, விடிய விடியத் தவிற்சமா கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பின்னாளில் நான் கணித ஆசிரியன் ஆனேன்.

ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கை நான் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். ஏனைய பாடங்களில் அவனுக்கு நாட்டமில்லை, புள்ளிகளும் இல்லை. பொதுப் பரீட்சைக்கு அனுப்பத் தகுந்தவர்களின் பட்டியலை எழுதும் பொறுப்பு அவ்வாண்டு என்னிடம் வந்தது. அவன் பெயரை நான் எழுதவில்லை. அவனுடைய தகப்பனார் ஒருநாள் மாலை என் வீட்டுப் படலையில் வந்து நின்று கேட்டுப் பார்த்தார். விதி அப்படி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விதியை மீறாது எனக்கிருந்த அதிகாரத்துக்குள்ளேயே அவனைச் சேர்த்திருக்கலாம் என்பதை நான் அறிவேன். அடுத்த தவணை அவன் பாடசாலைக்கு வரவில்லை.

ஆண்டுகள் பல கழிந்தபின், ஒரு திருவிழா இரவில் தவிற்கூட்டத்தின் நடுவே அவனைக் கண்டேன். இல்லை, அவரைக் கண்டேன் என்று எழுதுவதே பொருத்தம். சபை மதிக்கும் வித்துவானாகி விட்டவரை அவன் என்று எழுதக் கை கூசுகிறது. சமா முடிந்தபின் அவரே என்னைத் தேடி வந்து வணங்கினார். பழைய கதை எதையும் பேசாமல், அன்றிரவு தாம் வாசித்த கணக்கை விளக்கினார். திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என ஐந்து நடைகள். ஒரே நீளத்தை ஐந்து நடையிலும் மீதமின்றிப் பகிர வேண்டுமானால், அந்த நீளத்தைத் தேர்வதிலேதான் வித்தை இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்துக் கணக்கிட்டேன். மூன்றாலும் நான்காலும் ஐந்தாலும் ஏழாலும் ஒன்பதாலும் மீதமின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 1260. அந்த எண்ணை முன்பே எங்கோ கண்டதாக ஒரு நினைவு. தேடிப் பார்த்தபோது, இராமானுஜன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையின் பட்டியலில் அது இருந்தது. அந்த இரவில்தான் அப்பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை முதன்முறையாகப் படித்தேன். அதில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது என்ற செய்தியும் அதன் பின்னரே என் கவனத்துக்கு வந்தது.

அப்பட்டியல் யாதென விளங்க ஓர் எளிய உதாரணம் போதும். எங்கள் செம்மண் தோட்டத்தில் பன்னிரண்டு புகையிலைக் கன்றுகளை நடப்போமாயின் அவற்றை ஒரே வரிசையாகவோ, ஆறாக இரண்டு வரிசையாகவோ, நான்காக மூன்று வரிசையாகவோ நடலாம். பதின்மூன்று கன்றுகள் என்றால் ஒரே வரிசைதான். வேறு வகையில் ஒழுங்குபடாது. பன்னிரண்டை மீதமின்றி வகுக்கும் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. பன்னிரண்டுக்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேற்பட்ட காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்கு முன்னுள்ள எல்லா எண்களிலும் மிகுதியான காரணிகளையுடைய எண்களை இராமானுஜன் ஒரு தனி இனமாக வகுத்து ஆராய்ந்தார். அவற்றை இக்கட்டுரையில் பெருங்காரணி எண்கள் என்று குறிப்பிடுவேன்.

இவ்வெண்கள் நமக்குப் புதியன அல்ல. ஆண்டின் மாதங்கள் 12. நாளின் மணிகள் 24. நம் முன்னோர் நாளைப் பகுத்த நாழிகைகள் 60. வட்டத்தின் பாகைகள் 360. இவை யாவும் பெருங்காரணி எண்களே. பங்கிடுதற்கு எளியவை என்பதாலேயே மக்கள் இவற்றை விரும்பி எடுத்துக்கொண்டனர். கிரேக்க ஞானி பிளேட்டோ தாம் கற்பனை செய்த நகரத்தின் குடிகளுக்கு 5040 என்ற எண்ணை வகுத்ததும் இக்காரணம் பற்றியே. அதுவும் அவ்வினத்தைச் சேர்ந்ததுதான். அந்த 5040ஐ வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். மீண்டும் அதனைச் சந்திப்போம்.

இனி இராமானுஜனுடைய வரலாற்றுக்கு வருவோம்.

1887ஆம் ஆண்டு திசெம்பர் 22ஆம் நாள், தாயின் பிறந்தகமான ஈரோட்டில் அவர் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சிறு வீட்டில். தந்தை சீனிவாச ஐயங்கார் புடைவைக் கடையொன்றில் கணக்கெழுதியவர். தாய் கோமளத்தம்மாள் கோவிலில் பக்திப் பாடல்கள் பாடி வந்தவர். வறுமை அவ்வீட்டுக்குப் புதிதன்று.

நகர உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் அவர் எல்லாப் பாடங்களிலும் நல்ல மாணவராகவே இருந்தார். 1903ஆம் ஆண்டளவில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரும்பாலும் நிறுவல் இன்றி வரிசையாக அடுக்கிய நூல் அது. பரீட்சைக்குப் படிப்போர்க்கு நினைவூட்டலாக எழுதப்பட்ட அந்நூல், இந்தப் பதினாறு வயதுப் பையனுக்கு ஓர் உலகத்தின் வாயிலாக அமைந்தது. நூல் நிறுவாமல் விட்டவற்றைத் தாமே நிறுவத் தொடங்கினார். பின்னர் நூலில் இல்லாதவற்றையும் காணத் தொடங்கினார். 1904இல் பள்ளியை விட்டு நீங்கும்போது கணிதத்துக்கான பரிசைப் பெற்றார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் இடமும் கிடைத்தது.

வீழ்ச்சி அங்கேதான் நேர்ந்தது. கணிதம் அவரை முழுவதும் ஆட்கொண்டது. ஏனைய பாடங்கள் கைவிடப்பட்டன. உதவிச் சம்பளம் பறிபோயிற்று. 1905இல் வீட்டாருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் எப்.ஏ. பரீட்சையில் தோற்றார், அடுத்த ஆண்டு மறுபடி எழுதினார், மறுபடியும் தோற்றார். கணிதம் தவிர்ந்த பாடங்களே அவரை வீழ்த்தின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி.வை.தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர் என்று நாம் பெருமை கொள்வதுண்டு. அந்தப் பெருமை நியாயமானதே. ஆயினும் அதே பல்கலைக்கழகத்தின் தேர்ச்சிப் பட்டியலில், அரை நூற்றாண்டின் பின், அவ்வாசனங்களில் அமர்ந்த எவரினும் பெரிய கணிதர் ஒருவருக்கு இடமில்லாது போயிற்று என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவரைத் தோல்வியுறச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். விதிப்படி நடந்தவர்கள், என்னைப் போன்றவர்கள்.

1909இல் ஜானகி என்னும் சிறுமியோடு திருமணம் நடைபெற்றது. குடும்பப் பொறுப்பு வந்தது, வேலை இல்லை. தம் குறிப்பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். தாள் வாங்கப் பணமின்மையால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டில் எழுதுவது அவர் வழக்கம். நிறுவல்கள் பெரும்பாலும் கற்பலகைத் தூசியோடு போயின.

இந்திய கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர், திருக்கோவிலூரில் உதவிக் கலெக்டராக இருந்தபோது அவரைக் கண்டு ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். தம் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலையைக் கொடுத்து அவரை அங்கே புதைத்துவிட மனமின்றிச் சென்னை நண்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் தம் பணத்திலிருந்து 25 ரூபா கொடுத்து உதவினார். 1911இல் கழகத்தின் சஞ்சிகையில் முதற் கட்டுரை வெளியாயிற்று. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் எழுத்தரானார். பட்டமில்லாத அந்த எழுத்தரின் தகுதியை அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அறிந்து துணைநின்றனர்.

1913 சனவரி 16ஆம் திகதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஹார்டிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். முன்பு வேறு இரு பேராசிரியர்களுக்கு எழுதிப் பயன் காணாதவர் அவர். ஹார்டியோ தம் தோழர் லிட்டில்வுட்டோடு இருந்து அக்கடிதத்தின் தேற்றங்களை ஆராய்ந்து, இவை பொய்யாகப் புனையத்தக்கவை அல்ல என்ற முடிவுக்கு வந்தார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் தன் விதிகளைத் தளர்த்தி, பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவி வழங்கியது. நெகிழ்த்த முடியாதது என்று எண்ணப்பட்ட விதி, நெகிழ்த்த மனமுள்ளவர் வந்தபோது நெகிழ்ந்தது. இதனைப் படிக்குந்தோறும் படலையில் நின்ற அந்தத் தகப்பனாரின் முகம் என் கண்முன் வரும்.

1914 மார்ச் 17ஆம் திகதி நெவாசா என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஏப்ரலில் இலண்டனை அடைந்தார். சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. டிரினிற்றிக் கல்லூரியின் இளைஞர் பலர் போர்முனைக்குப் போயினர். கல்லூரி முற்றமொன்றில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனை அமைந்தது. லிட்டில்வுட்டும் போர்ப்பணிக்குச் சென்றார். புலால் உண்ணாத இராமானுஜன் தம் அறையில் தாமே சமைத்து உண்டு, குளிருக்குப் பழகாத உடலோடு இரவும் பகலும் எண்களோடு வாழ்ந்தார்.

அந்த நாட்களில் எழுதப்பட்டதே பெருங்காரணி எண்களைப் பற்றிய நெடுங்கட்டுரை. 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்களில் அது வெளியாயிற்று. அதனையே ஆய்வாகக் கொண்டு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. எப்.ஏ. பரீட்சையில் இருமுறை தோற்றவர், எப்பரீட்சையும் எழுதாமல் பட்டதாரியானார்.

அக்கட்டுரையில் அவர் நிறுவியவற்றுள் சிலவற்றை நம் மாணவரும் எளிதில் விளங்கிக்கொள்வர். எந்த எண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாக எழுதலாம். தமிழகத்தார் பகா எண் என்று கூறும் 2, 3, 5, 7, 11 முதலியனவே முதன்மை எண்கள். பெருங்காரணி எண்ணில் இம்முதன்மை எண்கள் இடையில் ஒன்றும் விடுபடாமல் வரிசையாக வரும். சிறிய முதன்மை எண் பலமுறை வரும். பெரியது வரவர அந்த எண்ணிக்கை குறையுமேயன்றிக் கூடாது. வரிசையின் கடைசி முதன்மை எண் ஒருமுறையே வரும். 4, 36 என்னும் இரண்டு எண்கள் மட்டும் இவ்விதிக்கு விலக்கு. எங்கள் தவில் வித்துவானின் 1260ஐப் பாருங்கள். இரண்டு இருமுறை, மூன்று இருமுறை, ஐந்து ஒருமுறை, ஏழு ஒருமுறை. ஒழுங்கு சற்றும் பிசகவில்லை.

காரணிகளின் தொகையைக் காண்பதற்கும் எளிய வழியுண்டு. ஒவ்வொரு முதன்மை எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அத்தொகையோடு ஒன்றைக் கூட்டி, வந்தவற்றையெல்லாம் பெருக்க வேண்டும். 1260க்கு மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, பெருக்க முப்பத்தாறு.

இவ்விதிகளைத் துணைக்கொண்டு இராமானுஜன் நூற்றுக்கும் மேற்பட்ட பெருங்காரணி எண்களைக் கையாலேயே கணக்கிட்டுப் பட்டியலிட்டார். கணிப்பொறி என்ற சொல்லே இன்றைய பொருளில் இல்லாத காலம் அது. பட்டியலின் கடைசி எண் 6,746,328,388,800. இத்துணைப் பெரிய வேலையில் ஒரேயோர் இடத்தில் கை தவறியது. 4800 காரணிகளையுடைய 240,940,299,600க்கு அடுத்தபடியாக, 5376 காரணிகளையுடைய 321,253,732,800ஐ எழுதிவிட்டார். இரண்டுக்கும் இடையில் 293,318,625,600 என்னும் எண் இருந்திருக்க வேண்டும்.

நான் அதனைச் சரிபார்க்க விரும்பினேன். பிறர் சொன்னதை நம்புவது கணித ஆசிரியனுக்கு அழகன்று. இரண்டு ஆறுமுறை, மூன்று நான்குமுறை, ஐந்து இருமுறை, ஏழு இருமுறை. பின் 11, 13, 17, 19 ஒவ்வொருமுறை. 64ஐ 81ஆல் பெருக்க 5184, அதனை 25ஆல் பெருக்க 129,600, 49ஆல் பெருக்க 6,350,400, பின்னர் 11ஆல் 69,854,400, 13ஆல் 908,107,200, 17ஆல் 15,437,822,400, முடிவில் 19ஆல் பெருக்க, விடுபட்ட எண் தாளில் வந்து நின்றது. காரணிகளின் தொகையைக் கண்டேன். ஏழு, ஐந்து, மூன்று, மூன்று, பின் நான்கு இரண்டுகள். பெருக்கினேன். 5040. பிளேட்டோவின் எண்! இது தற்செயலான ஒற்றுமையே என்பதை அறிவேன். ஆயினும் எழுதுகோலைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டேன்.

அதன்பின் கண்டது என்னை மேலும் வியக்க வைத்தது. பட்டியலின் கடைசி எண்ணையும் அவ்வாறே பிரித்துப் பார்த்தேன். இரண்டு ஆறுமுறை, மூன்று நான்குமுறை, ஐந்து இருமுறை, ஏழு இருமுறை. பின் 11, 13, 17, 19, அவற்றோடு 23. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் வருவதே 6,746,328,388,800! இராமானுஜன் எழுதாது விட்ட எண், அவர் எழுதிய கடைசி வரியின் உள்ளே முழுமையாக இருக்கிறது. கடைசி எண்ணின் 10,080 காரணிகளுள் அதுவும் ஒன்று. பட்டியலில் அதன் பெயர் இல்லை. அதனால் அதன் காரணிகளுள் ஒன்றுகூடக் குறைந்துவிடவில்லை. எழுதுவோன் கண் தவறியதே குறை.

அக்கட்டுரைக்கே ஒரு விடுபாடு நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போர்க்காலப் பணமுடையினால் இலண்டன் கணிதக் கழகம் அதன் ஒரு பகுதியை அச்சிடவில்லை. அப்பகுதி கையெழுத்தாகவே கிடந்து, நிக்கோலா, உரொபின் என்னும் இரு பிரெஞ்சுக் கணிதரின் குறிப்புகளோடு 1997இல் அச்சேறிற்று. அதற்கு முன்பே, 1984இல், உரொபின் ஓர் அரிய உண்மையை நிறுவியிருந்தார். கணித உலகின் மிகப் பெரிய புதிராகிய ரீமானின் கருதுகோள் 1859இல் எழுந்து இன்றும் தீராதிருப்பது. ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகை ஒரு குறித்த எல்லைக்குள் அடங்கும் என்பது 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் பொருந்துமாயின் ரீமானின் கருதுகோள் மெய். ஓர் எண்ணுக்கேனும் பொருந்தாவிடின் அது பொய். அவ்வெல்லையை நோக்கிய முதல் அடிகளை, அச்சேறாத அப்பக்கங்களில் இராமானுஜன் எடுத்து வைத்திருந்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அவை யாரும் அழைக்காத பிள்ளைகள்போல் ஏடுகளுக்குள் காத்திருந்தன.

1917இல் அவர் உடல் நலிந்தது. மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறினார். 1918இல் இலண்டன் வேத்தியற் கழகம் அவரை உறுப்பினராகத் தெரிந்தது. அப்பேறு பெற்ற இந்தியருள் அவர் இரண்டாமவர். அதே ஆண்டு டிரினிற்றிக் கல்லூரியும் அவரைத் தன் முதல் இந்திய உறுப்பினராக ஏற்றது. அக்காலத்தில் அவர் நோயைக் காசம் என்றே மருத்துவர் கருதினர். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் ஓர் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். அது உண்மையாயின், அன்றே தீர்த்திருக்கக்கூடிய நோய் அது.

தாயகம் திரும்புமுன் அவர் செய்த ஒரு செயலை நான் என் மாணவர்க்கு ஒவ்வோராண்டும் சொல்வதுண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண் வழங்க முன்வந்தபோது, 1919 சனவரியில் அவர் பதில் எழுதினார். பெற்றோருக்கு ஒரு சிறு தொகையைக் கொடுத்து, தம் செலவுக்கும் வேண்டியதை எடுத்தபின், எஞ்சுவதை ஏழைச் சிறுவர்க்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணமாகவும் புத்தகங்களாகவும் செலவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். உதவிச் சம்பளத்தை இழந்து ஊரைவிட்டு ஓடிய அந்தப் பையனை, வேத்தியற் கழக உறுப்பினர் மறக்கவில்லை.

1919 மார்ச்சில் அவர் தாயகம் திரும்பினார். நோய் நீங்கவில்லை. படுக்கையில் இருந்தவாறே கற்பலகையையும் தாளையும் கேட்டு வாங்கிக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்திலும் புதியதொரு கண்டுபிடிப்பே இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் திகதி சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது முப்பத்திரண்டு. இளமையிலேயே கைம்மை எய்திய ஜானகி அம்மையார் தையல் வேலை செய்து தம் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்தார். கடைசி ஓராண்டில் இராமானுஜன் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்து, 1976இல் ஆன்றூஸ் என்னும் அமெரிக்கக் கணிதரின் கண்ணில் பட்டன. அவற்றை விளக்கும் பணியில் அறிஞர் பல்லாண்டுகள் ஈடுபட்டனர்.

இவ்வரலாற்றை நான் பலமுறை படித்திருக்கிறேன். வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என்னை இராமசாமி ஐயரின் பக்கத்தில் வைத்தே எண்ணிக்கொண்டேன். பட்டியலை எழுதியவர் பக்கத்தில் வைத்து எண்ணியதில்லை. விடுபட்ட அந்த எண்ணைக் கையால் பெருக்கிக் கண்ட இரவில்தான் என் இடம் எதுவென்று தெளிந்தது. இராமானுஜனே ஒன்றை விட்டிருக்கிறார் என்பது எனக்கு ஆறுதல் ஆகவில்லை. அவர் விட்டது ஓர் எண்ணை. அதற்குப் பசியில்லை, தகப்பனில்லை, தவணைக் கட்டணமில்லை. எத்தனை ஆண்டு கழித்து எவர் வந்து எழுதினும் அது அங்கேயே இருக்கும். மாணவனின் பருவம் அவ்வாறு காத்திராது.

அடுத்த திருவிழாவில் அந்த வித்துவானைக் கோவில் வீதியில் தேடிக் கண்டேன். பட்டியலில் அவர் பெயரை எழுதாதது விதியின் செயல் அன்று, என் செயல் என்பதைச் சொன்னேன். அவர் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. தவிலின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டார். பின்னர், சென்ற முறை தாம் சொன்ன ஐந்து நடைக்கும் பொருந்தும் எண்ணைக் கணக்கிட்டுப் பார்த்தேனா என்று கேட்டார். 1260 என்றேன். இராமானுஜன் அதனைத் தம் பட்டியலில் எழுதியிருப்பதையும், அதற்கு முப்பத்தாறு காரணிகள் உண்டு என்பதையும் சொன்னேன்.

அவர் நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. வலக்கை விரற்கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார். பெருவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது என்று காரணிகளை வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். எட்டை அவர் சரியாகவே தாண்டிச் சென்றார். நான்கு விரல்களுக்கும் பன்னிரண்டு கணுக்கள். சுவாமி வெளிவீதிக்கு வரும் நேரமாகியது. கூட்டம் எங்களை நெருக்கியது. அவர் எதையும் கவனியாமல் மூன்றாவது சுற்றின் கடைசிக் கணுவில் 1260 என்று முடித்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.